பெண் பார்க்க வந்த நேரத்தில் தண்ணீர்

அக்கா மகளைப் பெண் பார்க்க ஆந்திராவிலுள்ள குப்பம் ஊரிலிருந்து வருகிறார்கள் என்றதும், வந்தவர்கள் கை கழுவ எந்தத் தண்ணீரைக் கொடுப்பது என்றுதான் வீட்டில் முதல் பேச்சே எழுந்தது.

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுக்காரர்களைக் கேட்டால் தெரியும். நாணயம் போட்டு இருபது லிட்டர் பிடிக்கிற கேன் தண்ணீர் குடிக்க மட்டும். குழாய்த் தண்ணீர் சமையலுக்கு. டேங்கர் தண்ணீர் துணிக்கும் பாத்திரத்துக்கும். அதில் பருப்பு வேகாது. அக்கா வீட்டில் கட்டிலுக்கு அடியில்கூட டிரம்தான். பெட்டி படுக்கையெல்லாம் பரணில்.

சுரங்கத்தில் வேலை பார்த்த மாமாவுக்கு இதில் ஒரு தீராத ஆதங்கம். "அந்தக் காலத்துல உள்ளே ஊறுற தண்ணியை ராப்பகலா இறைச்சு வெளியே தள்ளுவோம். 2001 பிப்ரவரியில சுரங்கத்தை மூடினாங்க, பம்பும் நின்னுபோச்சு. இப்ப மூணு கிலோமீட்டர் ஆழக் குழியில தண்ணி ஏறிக் கிடக்குது, மேல நாம குடத்தோட நிக்கிறோம்" என்பார். தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த ஊர். அந்தத் தண்ணீரை எடுத்துக் குடிக்கவா முடியும்?

சரி, மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பஜ்ஜி போனது. பெண் காபித் தட்டோடு அறை வாசலுக்கு வந்தாள். அக்கா நகைப் பேச்சைத் தொடங்கி, "ஒரு பன்னெண்டு பவுன்..." என்றபோது தெருவில் சத்தம்: "தண்ணி வந்துடுச்சு!"

அக்கா எழுந்தாள். பெண் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, பட்டுப் புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள். மாமா ஓஸ் சுருளைத் தோளில் மாட்டினார். கூடத்தில் மிஞ்சியது பாதி பஜ்ஜியோடு மாப்பிள்ளையும் நானும்தான். அவன் அம்மாவைக் காணோம். எட்டிப் பார்த்தால், குடங்களை வரிசையில் நகர்த்திக்கொண்டிருக்கிறார்!

எங்கள் குழாய் முதலில் உறுமும், காற்று விடும், செம்மண் கலரில் துப்பும். தெளிந்த பிறகு ஓஸை மாட்டினால் அழுத்தத்தில் கழன்று ஓடும். அன்றும் கழன்றது. மாப்பிள்ளை பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டு வந்து, "சைக்கிள் டியூப் இருக்கா?" என்று கேட்டான். பழைய டியூபை விரல் அகலத்துக்குக் கிழித்து, குழாய் வாயில் இழுத்து இழுத்து நாலு சுற்று சுற்றி, அதன்மேல் ஓஸை ஏற்றி முடிச்சுப் போட்டான். ஒரு சொட்டு ஒழுகவில்லை. பையன் என்ன படித்திருக்கிறான் என்று அக்கா அப்புறம் கேட்கவே இல்லை.

அவன் அப்பா மட்டும் திண்ணையில் உட்கார்ந்து வம்புக்கு இழுத்தார். "பேத்தமங்கலத்துல ஏரி கட்டிப் பாலாத்துத் தண்ணியை நீங்களே பிடிச்சுக்கிறீங்க. அப்புறம் குப்பத்துக்கு எங்கே வரும்?"

மாமா விடுவாரா? "அந்த ஏரி எங்க அப்பா கட்டினதா? சுரங்கத்துக்காக அதுலேருந்து தண்ணி கொண்டுவர வெள்ளைக்காரன் ஏற்பாடு பண்ணது. நீங்க உங்க பக்கம் தடுப்பணையா கட்டி வெச்சிருக்கீங்களே, அதைப் பத்தி தமிழ்நாட்டு வாணியம்பாடிக்காரங்க கிட்ட கேளுங்க!"

மூன்று மாநிலத் தகராறு ஒரு திண்ணையில். நல்லவேளை, காபி வந்தது. ஆறிப்போயிருந்தது.

தண்ணீர் நின்றதும் எல்லோரும் ஈரக் காலோடு உள்ளே வந்து உட்கார்ந்தோம். மாப்பிள்ளையின் அம்மா கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "டிரம் எல்லாம் நல்ல கனமான டிரம்மா இருக்கே, சம்பந்தி" என்றார். சம்பந்தி என்று வாய் தவறி வந்துவிட்டதே! பன்னிரண்டு பவுன் பேச்சு அதோடு சுமுகமாக முடிந்தது.

தேதி குறிக்க ஜோசியரிடம் போகும் முன் மாமா டேங்கர்காரருக்குப் போன் போட்டார். "வைகாசியில ஊரெல்லாம் கல்யாணம், வண்டி கிடைக்காது. தையில வெச்சுக்கங்க" என்றார் அவர்.

தையில் வைத்திருக்கிறோம்.