வைஃபை அறுந்துகொண்டே இருந்தது: வீட்டிலும் வெளியிலும் நான் சரிசெய்த விதம்

வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்களுக்கு வைஃபை தடுமாறினால் அன்றைய பொழுதே கெட்டுவிடும். என் அறையில் வீடியோ அழைப்பில் இருக்கும்போதே எதிரில் இருப்பவர் முகம் உறைந்து நின்றுவிடும், குரல் துண்டு துண்டாக வரும். இணைப்புக் கொடுத்த நிறுவனத்தைக் கூப்பிட்டால், "லைன் நல்லாத்தான் சார் இருக்கு" என்ற பதில். வேகத்தைச் சோதித்தால் முழு வேகமும் காட்டும். ஆனாலும் அழைப்பு மட்டும் நிலைத்து நிற்காது.

இந்த மாதிரி நேரத்தில் புது ரவுட்டர் வாங்குவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கோளாறு வெளியிலிருந்து வரும் லைனிலா, வீட்டுக்குள் காற்றில் போகிற சிக்னலிலா? இதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லை. லேப்டாப்பில் இரண்டு கமாண்ட் விண்டோக்களைத் திறந்தேன். ஒன்றில் ரவுட்டருக்குப் பிங், அதாவது பதில் திரும்பிவர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் கமாண்ட் (என் ரவுட்டரின் முகவரி 192.168.1.1), இன்னொன்றில் வெளியே இருக்கிற கூகுளின் 8.8.8.8 முகவரிக்குப் பிங். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு வேலையைப் பார்த்தேன். ஒரே வீட்டுக்குள் இருக்கும் ரவுட்டர் சில மில்லிசெகண்டில் பதில் சொல்லிவிட வேண்டும். என் அறையில் அந்த எண் திடீர் திடீரென்று 400-ஐத் தாண்டியது. நடுநடுவே பதிலே வரவில்லை. ரவுட்டர் வரைக்குமே ஒழுங்காகப் போகாதது அதற்கு மேல் எங்கே போகும்? லேன் கேபிளால் லேப்டாப்பை நேராக ரவுட்டரில் செருகினேன். இரண்டு பிங்கும் சீராக ஓடின. லைன் நன்றாகத்தான் இருந்தது.

ரவுட்டர் பிங் சீராக இருந்து வெளிப் பிங் மட்டும் தடுமாறினால்தான் நிறுவனத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். அப்போதும் கேபிள் செருகி எடுத்த பிங்கைக் காட்டுங்கள். "உங்க வைஃபைதான் சார் பிரச்சினை" என்று தட்டிக்கழிக்க முடியாது.

அடுத்து சிக்னல். திரையில் தெரியும் கோடுகளை நான் நம்புவதில்லை. எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி வைத்திருக்கிறது. சிக்னலின் பலத்தைச் சொல்லும் டிபிஎம் என்கிற எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகை ஆப் காட்டும். மேக்கில் ஆப்ஷன் பொத்தானை அழுத்திக்கொண்டு வைஃபை குறியைச் சொடுக்கினாலே தெரியும். எண் எப்போதும் மைனஸில் இருக்கும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. வீடியோ அழைப்புக்கு மைனஸ் 67-க்குக் கீழே போகாமல் இருந்தால் நிம்மதி. 10 குறைந்தால் வந்து சேரும் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. என் மேசையில் மைனஸ் 78 காட்டியது.

போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்து பார்த்தபோது காரணம் புரிந்தது. கேபிள் உள்ளே நுழையும் மூலையில், டிவிக்குப் பின்னால் ரவுட்டரை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். முன்னால் டிவி, அதையடுத்து இரும்பு பீரோ, பிறகு கான்கிரீட் சுவர். இரும்பு சிக்னலைத் திருப்பி அடிக்கும். கண்ணாடியின் பின்பூச்சும் அப்படித்தான். தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும், அதனால் மீன்தொட்டி பக்கத்திலும் வைக்கக் கூடாது. நீளமான கேபிள் போட்டு ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்து, தலைக்கு மேல் உயரத்தில் வைத்து, ஆன்டெனாக்களை நேராக நிமிர்த்தினேன். நிமிர்ந்த ஆன்டெனா பக்கவாட்டில்தான் அதிகம் வீசும்; அதன் நுனி காட்டும் திசையில் சிக்னல் குறைவு. மேசையில் மைனஸ் 66 வந்தது. இடம் மாற்றியதில் கிடைத்த அளவு பலன் அப்புறம் செய்த எதிலும் கிடைக்கவில்லை.

சாயங்காலத் தொல்லை மட்டும் மிச்சம் இருந்தது. எல்லாரும் வீடு திரும்பிய பிறகு அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் அத்தனையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் முட்டிமோதும். அந்த அலைவரிசையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் (அலைவரிசையின் பகுதிகள்) 1, 6, 11 மூன்றுதான். மூன்றில் நெரிசல் குறைந்ததை எடுத்துக்கொள்ளலாம். காலியாகத் தெரிகிறதே என்று 3, 4 பக்கம் போனால் இரண்டு பக்கத்து இரைச்சலும் வந்து விழும். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸில் இருக்கட்டும். மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது, அதுவும் இடைஞ்சல்தான்.

வேலை பார்க்கும் லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டேன். சுவரை ஊடுருவும் சக்தி இதற்குக் குறைவு என்பதைக் குறையாகச் சொல்வார்கள். பக்கத்து வீட்டுச் சிக்னலும் அதே காரணத்தால்தான் நம் வீட்டுக்குள் அதிகம் வருவதில்லை. சேனல் 36 முதல் 48 வரைக்குள் வைத்தேன். அதற்கு மேலே உள்ள சில சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடார் சிக்னல் தென்பட்டால் ரவுட்டர் உடனே சேனலை விட்டு விலகியாக வேண்டும் என்பது விதி. அழைப்பின் நடுவில் அது நடந்தால் இணைப்பு அறுந்துவிடும்.

கடைசி அறைக்கு மட்டும் எதுவும் எட்டவில்லை. சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வாங்கச் சொன்னார்கள். ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டர், வாங்கியதையே அதே சேனலில் திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும். அதனால் கேட் 6 கேபிள் இழுத்து, பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக (கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாக வீசும் பெட்டியாக) மாற்றினேன்: அதில் டிஹெச்சிபியை (சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் வசதி) அணைத்துவிட்டு, அதன் முகவரியை முதல் ரவுட்டரின் முகவரியோடு மோதாதபடி மாற்றி, கேபிளை லேன் துளையில் செருகி, பெயரும் பாஸ்வேர்டும் முதல் ரவுட்டரில் உள்ளதையே கொடுத்தால் போதும். கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். கேபிள் இழுக்க வழியே இல்லாத வீட்டுக்கு மெஷ் (ஒன்றோடொன்று பேசி ஒரே வைஃபையாக வேலை செய்யும் பல பெட்டிகள்) நல்லது.

சிக்னல் நன்றாக இருந்தும் அழைப்பு உறைந்தால் அப்லோடைப் பாருங்கள். எங்கள் வீட்டில் போன்கள் படங்களை கிளவுடுக்கு ஏற்றும் நேரத்தில்தான் இது நடந்தது. அப்லோட் மொத்த வழியையும் அடைத்துக்கொள்ள, குரல் வரிசையில் காத்துக்கிடக்கிறது. ரவுட்டரில் இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்கியூஎம் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் பேக்கப்பை ராத்திரிக்கு மாற்றுங்கள்.

வெளியிடங்களில் கதை வேறு. பல தடவை வைஃபையில் சேர்ந்த பிறகும் லாகின் பக்கமே திறக்காது. விபிஎன்னும் (நம் டேட்டாவைப் பூட்டி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் வசதி), போனில் நாமே வைத்த பிரைவேட் டிஎன்எஸ்ஸும் (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) அதைத் தடுத்துவிடும். இரண்டையும் அணைத்துவிட்டு, நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் போன்ற பாதுகாப்புப் பூட்டு இல்லாத ஒரு தளத்தைத் திறந்தால் லாகின் பக்கம் தானாக வந்து நிற்கும். உள்ளே போனதும் விபிஎன்னை மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

சேருமுன் வைஃபையின் சரியான பெயரை அங்கே வேலை செய்கிறவரிடம் கேட்டுவிடுகிறேன், ஏனென்றால் அதே பெயரில் யார் வேண்டுமானாலும் ஒரு ஹாட்ஸ்பாட் திறந்து வைக்கலாம். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்று பிரவுசர் எச்சரித்தால் 'பரவாயில்லை, தொடர்' என்று அழுத்தாமல் வெளியே வந்துவிடுவேன். தானாகச் சேரும் வசதி என் போனில் எப்போதும் அணைந்தே இருக்கும். வங்கி வேலை எல்லாம் சொந்த மொபைல் டேட்டாவில்தான்.

முக்கியமான அழைப்பென்றால் பொது வைஃபையை நம்பி உட்காருவதே இல்லை. போனை யுஎஸ்பி கேபிளால் லேப்டாப்பில் செருகி டெதரிங் (போனின் இணையத்தை லேப்டாப்புக்குத் தரும் வசதி) போட்டுவிடுவேன். கூட்டத்தில் எத்தனை பேர் வைஃபையில் இருந்தாலும் போனுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் இடைஞ்சல் கிடையாது, போன் சார்ஜும் எளிதில் இறங்காது.