மேலே தணல், கீழே தணல்: அப்பத்தாவின் ரங்கூன் கேக்

ரவை, தேங்காய்ப்பால், சர்க்கரை, நெய், முட்டை, மேலே தூவக் கசகசா. பர்மாவில் வீட்டுக்கு வீடு செய்கிற ரவை கேக்தான் இது. எங்கள் வீட்டில் ரங்கூன் கேக் என்போம். செட்டிநாட்டில் எங்கள் ஊரான பள்ளத்தூரில் சீப்புச் சீடை, மனகோலம் என்று பலகாரங்கள் செய்யத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். இதைச் செய்பவர் எனக்குத் தெரிந்து அப்பத்தா மட்டும்தான். பாட்டையா கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போயிருந்த காலத்தில், ரங்கூன் மொகல் தெருவில் செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்திய கிட்டங்கியில் சமைத்தவர், ஊர் திரும்பியபின் எங்கள் வீட்டு அடுப்படியைப் பார்த்துக்கொண்டாராம். அவரிடம் அப்பத்தா படித்தது.

பொங்கல் முடிந்ததிலிருந்து இதை மற்றவர்களும் செய்கிற மாதிரி எழுத முயன்றுகொண்டிருக்கிறேன். இதுவரை தேறியதைச் சொல்கிறேன்.

முதலில் அளவு. அப்பத்தாவுக்கு எல்லாமே ஆழாக்குதான். அதிலும் தலை தட்டியா, கோபுரமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். (வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசியைத் தலை தட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிக்கிற ஊர் இது. அதைவிடச் சுருக்கமான அளவை நான் பார்த்ததில்லை.) அவர் ஒவ்வொன்றையும் உருளியில் கொட்டுமுன் தராசில் வைத்துக் குறித்துக்கொண்டேன். முழு எண்ணாக்கி இப்படி எழுதியிருக்கிறேன்: ரவை 250 கிராம், சர்க்கரை 250 கிராம், நெய் 100 கிராம், முட்டை 3, முதல் பாலும் இரண்டாம் பாலும் சேர்த்து ஒரு லிட்டர், உப்பு ஒரு சிட்டிகை. ஏலக்காய் அவரவர் விருப்பம். எனக்கு வேண்டாம், தேங்காய் வாசனையை அது அமுக்கிவிடுகிறது.

எண்களை எழுதுவது சுலபமாகத்தான் இருந்தது. எங்கே நிறுத்துவது என்பதை எழுதத்தான் நாளானது.

ரவையை வெறும் உருளியில் சிறுதீயில் வறுக்க வேண்டும். உப்புமாவுக்கு வறுப்பதைத் தாண்டி, வறுத்த நிலக்கடலைத் தோல் நிறம் எட்டிப்பார்க்கிற வரை. பிறகு ஆறவைத்து, பாலும் சர்க்கரையும் உப்பும் ஊற்றிக் கலந்து அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். இந்த ஊறலை விட்டால் கேக் வெந்தபிறகும் பல்லில் நறநறக்கும். அப்புறம் அடுப்பில் ஏற்றி, நெய்யில் முக்கால் பங்கை விட்டுக் கிளற வேண்டும். முதலில் தளதளவென்று கொதிக்கும், மேலே தெறிக்கும், கையைச் சுடும். மெல்ல இறுகி, கரண்டி இழுத்த தடம் மூடாமல் நின்று, ஓரத்தில் நெய் மினுங்கத் தொடங்கும். “போதும் ஆத்தா, இறக்கு. இதுக்கு மேல போனா கேசரி” என்பார் அப்பத்தா. கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறியபின் முட்டையை நுரைக்க அடித்துச் சேர்க்க வேண்டும். சூட்டில் ஊற்றினால் முட்டைப் பொரியல்தான்.

இனி தணல். நெய் தடவிய தட்டில் கலவையை ஊற்றிச் சமப்படுத்தி, மிச்ச நெய்யை மேலே தடவி, கசகசா தூவி, அகலப் பாத்திரத்துக்குள் வைத்துப் பித்தளைத் தாம்பாளத்தால் மூட வேண்டும். கீழே கொஞ்சமாகவும் தாம்பாளத்தின் மேல் தாராளமாகவும் தணல். சிவகங்கைப் பக்கம் சீமைக்கருவேலங்கரிக்குப் பஞ்சமில்லை. நின்று எரியும். அப்பத்தா அதனுடன் கொட்டாங்கச்சியும் சேர்ப்பார். அது சட்டென்று சூடேறி முகத்தைச் சிவக்க வைக்கும், கரி நிதானமாக உள்ளே வேகவைக்கும்.

ஓடிஜி என்கிற சிறிய மின்னடுப்பில் 180 டிகிரி செல்சியஸில் சுமார் 40 நிமிடம் வைத்து, கடைசிப் பத்து நிமிடம் மேல்கம்பியை மட்டும் எரியவிட்டால் அந்தச் சிவப்பில் பெரும்பகுதி வந்துவிடுகிறது. புகைவாசனை வராது. வேறொரு கேக்காக நினைத்துக்கொண்டு சாப்பிட்டால் நன்றாகவே இருக்கிறது.

முழுக்க ஆறுமுன் கத்தி வைக்கக்கூடாது. மறுநாள் காலையில் வெட்டினால்தான் டைமன் துண்டு விளிம்பு உடையாமல் வரும்.

ஊரில் இருப்பவர்களுக்குக் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பக்கத்து வீட்டு ஆச்சி முட்டை சேர்க்க மாட்டார்கள். அவர்களுக்கு முட்டைக்குப் பதில் நன்றாகப் பழுத்த பூவன் பழத்தை மசித்துப் போட்டேன். கொஞ்சம் கொழகொழப்புதான், ஆனால் அதற்குத்தான் மறுபடி ஆள் அனுப்பினார்கள். கறுப்புக் கவுனியரிசி மாவில் செய்து பார்க்கலாமா என்று கேட்டதற்கு அப்பத்தா சம்மதிக்கவில்லை. எனக்கு அந்த ஆசை இன்னும் இருக்கிறது.

வெளியூருக்கு இதை அனுப்ப முடியாது. மனகோலம் டப்பாவில் ஏறிக் கடல் தாண்டும். தேங்காய்ப்பால் சேர்ந்த இது நம் வெயிலில் வெட்டிய மறுநாளே சந்தேகம். அதனால் தூரத்தில் இருப்பவர்களுக்குக் குறிப்பு மட்டும்தான் போகிறது. சிங்கப்பூரில் இருக்கும் அத்தைக்கு அதிலும் ஒரு வரியை மாற்ற வேண்டியிருந்தது, அங்கே கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். பையில் மறந்து எடுத்துப் போனாலும் வம்பு. வெள்ளை எள் தூவச் சொன்னேன்.

அத்தை அனுப்பிய படத்தை அப்பத்தா கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “ஓரம் வெந்திருக்கு, மேல சிவக்கல” என்றார். அத்தையின் அடுப்பில் காற்றாடி ஓடுகிறதாம், மேல்கம்பி தனியாக எரியாதாம். காற்றாடியை நிறுத்த வழியிருந்தால் நிறுத்திவிட்டு, கடைசியில் தட்டை மேல் அடுக்குக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு செய்கிறாராம்.