வடக்கு யன்னலின் வெயில்

2023 ஓகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மகள் ஆசைப்பட்டுக் கேட்டாள் என்பதற்காக, அம்மாவின் கூறைச்சேலையைக் கண்ணாடி அலுமாரியிலிருந்து எடுத்து மெல்பேர்ண் வீட்டின் வரவேற்பறையில் விரித்தோம். முதல் மடிப்பைப் பிரித்தபோது ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாவது மடிப்பைப் பிரித்ததும் உள்ளேயிருந்து அரக்குச் சிவப்பு வெளிப்பட்டது. அதன் பக்கத்திலேயே, ஒன்றரை ஆண்டாக யன்னலைப் பார்த்தபடி இருந்த வெளிமடிப்பு, கையகலப் பட்டையாக, பழைய செங்கல்லின் நிறத்தில் வெளிறிக் கிடந்தது. இரண்டு நிறங்களுக்கும் நடுவில் அடிமட்டம் வைத்துக் கீறியது போல ஒரு நேர்கோடு. மகள் அதையும் சேலையின் கரை என்றே நினைத்து, "இந்தக் கரை வடிவாய் இருக்கு, அம்மம்மா" என்றாள். அம்மா பதில் சொல்லாமல், தூசியாக இருக்கலாம் என்ற நம்பிக்கையில், அந்தப் பட்டையைப் பெருவிரலால் மெல்லத் தேய்த்துப் பார்த்தார். பிறகு, "நாளாந்தம் உடுத்திருந்தாலும் இவ்வளவு மங்கியிராது, பிள்ளை" என்றார்.

அந்தச் சேலை 1979ஆம் ஆண்டு அம்மாவின் தோளில் ஏறியது. அதன் பிறகு பழைய வெள்ளை வேட்டித் துணியொன்றில் சுற்றப்பட்டு, பெட்டகத்தின் அடியில், வெளிச்சம் என்பதையே அறியாமல் கிடந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில், போருக்கு அஞ்சி, யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் முழுவதும் எழுந்து நடந்தபோது, எதை எடுப்பது எதை விடுவது என்று தெரியாத அந்தச் சில நிமிடங்களில், அம்மா அதை எடுத்து ஓர் உரப்பைக்குள் திணித்தார். அதன் பின் எத்தனை கூரைகளின் கீழ் அது இருந்தது என்பதை இதைப் படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நனைந்தும் காய்ந்தும் நிறம் கொடாமல் எங்களோடு வந்து சேர்ந்த சேலை, பூட்டிய அலுமாரிக்குள், யாருடைய கையும் படாமல், யன்னலோர வெளிச்சத்தில் வெளிறிவிட்டது. இந்த நாட்டுக்கு வந்தபின் நான் இழந்தவை பல. ஆனால் இந்த ஒன்றைத்தான் இன்றைக்கும் மனம் ஏற்க மறுக்கிறது.

அலுமாரியை அந்த இடத்தில் வைத்தது அம்மாவும் நானும் சேர்ந்து எடுத்த முடிவு. 2022 பெப்ரவரியில் இந்த வீட்டுக்குள் வந்தபோது, வரவேற்பறையில் இரண்டு பெரிய யன்னல்கள் இருந்தன. ஒன்று மேற்கே, மற்றது வடக்கே. "மேற்கு வேண்டாம், பின்னேர வெயில் அடிக்கும். வடக்குப் பக்கம் வெயில் வராது தானே" என்றார் அம்மா. நானும் மறுபேச்சின்றித் தலையசைத்தேன். ஊரில் அது பொய்க்காத கணக்கு. ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் இறுதிவரை சூரியன் உச்சிவேளையில் சற்றே வடக்கே சாய்ந்தாலும், அது தலைக்கு மேலேயே நிற்பதால் தாழ்வாரத்தின் நிழல் அதை வெளியே நிறுத்திவிடும். மற்ற மாதங்களில் சூரியன் தெற்கே போய்விடும். ஆகவே வடக்குப் பக்கத்து அறைதான் எங்கள் வீட்டின் குளிர்ந்த அறை. அப்பப்பா மதியத்தில் படுப்பதும், நெல் மூட்டைகள் அடுக்குவதும், புத்தக அலுமாரி இருந்ததும் அங்கேதான்.

இங்கே சூரியன் வடக்கே நிற்கிறது. புவிக்கோளத்தின் தென்பாதியில் அப்படித்தான் என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருந்தேன். பரீட்சையில் எழுதியும் இருந்தேன். ஆனால் படித்தது மூளையில் இருந்ததே தவிர, அலுமாரியைத் தூக்கிய கைகளுக்கு அது தெரியவில்லை. மெல்பேர்ண் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறக்குறைய 38 பாகையில் இருக்கிறது. யூன் மாதத்து உச்சிவேளையில் இங்கே சூரியன் தொடுவானத்திலிருந்து 29 பாகை உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை. அவ்வளவு தாழ்வாக நிற்கும் சூரியனை எந்தத் தாழ்வாரமும் மறைக்காது. ஒளி யன்னலுக்குள் சாய்வாக நுழைந்து, தரையைக் கடந்து, எதிர்ச் சுவர்வரை போகும். டிசம்பரில் அதே சூரியன் 76 பாகைக்கு ஏறிவிடுவதால் வடக்கு யன்னல் நிழலாகிறது. நாங்கள் வீட்டுக்கு வந்த பெப்ரவரியிலும் உச்சி வெயில் உள்ளே அதிகம் எட்டிப் பார்க்கவில்லை. அந்த நிழலைத்தான் ஊரின் வடக்கு நிழல் என்று நம்பிவிட்டோம். குளிர்காலம் வந்து வெயில் உள்ளே விழுந்தபோது, அந்தக் குளிருக்கு அது எவ்வளவு இதமாக இருந்தது! அம்மா கதிரையை அந்த வெயிலுக்குள் இழுத்துப் போட்டு இருந்தார். அலுமாரியும் அதே வெயிலில்தான் நின்றது.

ஊர் வீட்டு யன்னல்களைப் பற்றி இப்போது அடிக்கடி நினைக்கிறேன். அவற்றுக்குக் கண்ணாடியே கிடையாது. இரும்புக் கம்பிகள், மேலே இரண்டு, கீழே இரண்டு என மரக் கதவுகள், வெளியே விறாந்தை, அதற்கும் வெளியே தாழ்வாரம், அதற்கும் அப்பால் மாமரம். இத்தனையையும் தாண்டி அறைக்குள் வந்த வெளிச்சம், எங்கோ பட்டுத் தெறித்து, வேகம் தணிந்த வெளிச்சம். காலை பத்து மணி ஆனதும் அம்மா கிழக்குப் பக்க யன்னல்களின் கீழ்க்கதவுகளைச் சாத்துவார். பின்னேரம் மூன்று மணிக்கு மேற்குப் பக்கத்துக்குப் போவார். அது வீட்டு வேலைகளில் ஒன்று என்றே நான் எண்ணியிருந்தேன். வெயிலை எந்த நேரத்தில் எவ்வளவு உள்ளே விடுவது என்ற அளவை அவர் கைகளில் வைத்திருந்தார் என்பது, கதவே இல்லாத பெருங்கண்ணாடிகளின் முன்னால் வாழத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது.

இந்த நாட்டுக்கு வெயிலைப் பற்றித் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. சட்டையை மாட்டு, களிம்பைப் பூசு, தொப்பியைப் போடு என்று 1981இலிருந்தே மக்களுக்குச் சொல்லிவரும் நாடு இது. தொப்பி இல்லாவிட்டால் விளையாட்டு இல்லை என்பது மகளின் பள்ளிக்கூடத்து விதி. அப்படிப்பட்ட நாட்டில், எங்கள் வீட்டைப் போல 1970களில் கட்டப்பட்ட எத்தனையோ வீடுகள் இன்னமும் அலுமினியச் சட்டத்தில் பொருத்திய ஒற்றைக் கண்ணாடியோடுதான் நிற்கின்றன. மெல்பேர்ண் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் புதிய வீடுகளுக்கு ஆற்றல் சிக்கனத்தில் 7 நட்சத்திரம் கட்டாயமானது 2024 மே மாதத்தில்தான்.

எங்களை ஏமாற்றியது எங்கள் தோல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சாதாரணக் கண்ணாடி, தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் குறுகிய அலைநீளப் புறவூதாக் கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அதனால் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும்போது வெயில் இதமாகவே இருக்கும், எரியாது. ஆனால் 315 முதல் 400 நனோமீற்றர் வரையான நீண்ட புறவூதாக் கதிர்களில் பெரும் பங்கு கண்ணாடியைக் கடந்து வந்துவிடுகிறது. சாயத்தின் மூலக்கூறுகளை உடைப்பதில் அவற்றுக்கும், கண்ணுக்குத் தெரியும் ஒளியின் நீலப் பக்கத்துக்கும் பங்குண்டு. வெப்பமும் சேர்ந்தால் வேலை இன்னும் விரைவாகும். பட்டு இழை இதில் மிகவும் மென்மையானது. நிறம் போவதோடு நில்லாமல் இழையே நொய்ந்துவிடும். அம்மாவின் சேலையில் வெளிறிய பட்டையின் ஓர் இடத்தில், மடிப்பின் முனையில், தலைமயிர் அளவுக்கு ஒரு வெடிப்பு இருந்ததை அன்று இரவு விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது கண்டேன். அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

முதலில் அவசரப்பட்டோம். மேற்கு யன்னல்தான் கோடையில் கொதிக்கிறது என்பதால், அதற்குக் கறுப்புப் பிலிம் ஒட்ட ஒருவரை அழைத்தோம். அவர் வந்து, கண்ணாடியின் வகையையோ தடிப்பையோ பார்க்காமல், ஒரு மணி நேரத்தில் ஒட்டிவிட்டுப் போனார். 2024 பெப்ரவரியில், கடும் வெக்கையான ஒரு பின்னேரத்தில், வெளித்திரை பாதி இறங்கியிருந்த நிலையில், ஒரு சத்தம் கேட்டது. கண்ணாடியின் கீழ் விளிம்பிலிருந்து செங்குத்தாக ஒரு சாண் எழும்பிய வெடிப்பு, அதன் பிறகு ஆறு போல வளைந்து மேலே போயிருந்தது. விளிம்புக்குச் செங்குத்தாகத் தொடங்கும் வெடிப்பு வெப்பத்தால் வந்தது என்பதற்கு அடையாளம் என்று பிறகு அறிந்தேன். பிலிம் வெயிலை உறிஞ்ச, கண்ணாடியின் நடுப்பகுதி சூடாகி விரிகிறது. சட்டத்துக்குள்ளும் நிழலிலும் இருக்கும் பகுதி குளிர்ந்தே நிற்கிறது. அந்த இழுவையை விளிம்பு தாங்குவதில்லை. பிலிம் எல்லாமே தவறு என்று நான் சொல்லமாட்டேன். நிறமே இல்லாமல் புறவூதாக் கதிர்களை மட்டும் ஏறத்தாழ முழுவதுமாகத் தடுக்கும் பிலிம்களும் இருக்கின்றன. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு, உரிமையாளர் சம்மதித்தால், அவை நல்ல வழி. எந்தக் கண்ணாடிக்கு எது பொருந்தும் என்று பார்க்காமல் ஒட்டுவதுதான் தவறு.

அதன் பிறகுதான் கண்ணாடியையே மாற்றுவது என்று முடிவெடுத்து, மாலைகளில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். இரட்டைக் கண்ணாடி, நடுவில் ஆகன் வாயு, உட்புற முகங்களில் ஒன்றில் கண்ணுக்குத் தெரியாத வெள்ளிப் படலம். இதைத்தான் லோ-ஈ கண்ணாடி என்கிறார்கள். அறையின் வெப்பம் அகச்சிவப்புக் கதிராக வெளியேறுவதை அந்தப் படலம் திருப்பி அனுப்புகிறது. வெப்பம் எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்பதைக் காட்டும் யூ மதிப்பு, எங்கள் பழைய ஒற்றைக் கண்ணாடிக்கு 6ஐ அண்மித்து இருந்தது. புதியதில் அது 2க்கும் கீழே. இன்னொரு எண், சூரிய வெப்பத்தில் எவ்வளவு பங்கு உள்ளே வருகிறது என்பதை 0 முதல் 1 வரை சொல்வது. இந்த எண்ணில்தான் நான் பல நாட்கள் தடுமாறினேன். சேலையை நினைத்தால் மிகக் குறைந்த எண்ணைத்தான் எடுக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் வடக்கு யன்னலில் அதைப் போட்டால், யூன், யூலை மாதங்களில் அம்மாவின் கதிரைக்கு வரும் அந்த இளஞ்சூடு போய்விடும். இந்த ஊரின் குளிரில் விலையின்றிக் கிடைக்கும் ஒரே வெப்பம் அதுதான்.

இறுதியில் இரண்டு யன்னல்களுக்கும் இரண்டு விதமான கண்ணாடி என்று தீர்மானித்தோம். மேற்கே, வெப்பத்தை வெளியிலேயே நிறுத்தும் வகை; அதன் படலம் வெளிக்கண்ணாடியின் உட்பக்கத்தில் இருக்கும். வடக்கே, சூரிய வெப்பத்தை உள்ளே விட்டு அறையின் வெப்பத்தை வெளியே விடாத வகை. அதன் படலம் உட்கண்ணாடியில், வாயுவைப் பார்த்த முகத்தில் இருக்கும். அத்துடன் வடக்கின் உட்கண்ணாடியை இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்ரிக் தாள் வைத்து ஒட்டிய லமினேற்றட் கண்ணாடியாகக் கேட்டோம். நடுவிலுள்ள அந்தத் தாள் புறவூதாக் கதிர்களில் ஏறத்தாழ 99 வீதத்தைத் தடுத்துவிடும். இங்கே யன்னல்களுக்கான ஆற்றல் மதிப்பீட்டு அட்டவணையில் நிறமங்கலைக் குறிக்கும் எண் ஒன்றும் தனியே இருக்கிறது. யூ மதிப்பை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுபவர்கள் அந்த எண்ணையும் கேட்டுவாங்கிப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். லோ-ஈ என்று பெயர் இருந்தால் நிறம் மங்காது என்று எண்ணிவிடக் கூடாது.

மங்குவதை முழுவதுமாக நிறுத்தும் கண்ணாடி எதுவும் இல்லை. வெளிச்சம் வரும்வரை சாயம் தேயும். அருங்காட்சியகங்களில் பழைய துணிகளை 50 லக்ஸ் அளவு மங்கலொளியில் வைத்திருப்பதும், வெவ்வேறு விரைவில் வெளிறும் எட்டு நீலக் கம்பளித் துண்டுகளை வைத்து ஒளியின் சேதத்தை அளப்பதும் அதனால்தான். நானும் அதைப்போல ஒன்றைச் செய்து பார்த்தேன். அம்மாவிடமிருந்த சிவப்புப் பட்டு இரவிக்கைத் துணியில் இரண்டு துண்டுகள் வெட்டி, ஒவ்வொன்றிலும் பாதியைக் கடதாசி மட்டையால் மூடி, ஒன்றைப் புதிய வடக்கு யன்னலிலும், மற்றொன்றை இன்னும் மாற்றாத மகளின் அறை வடக்கு யன்னலிலும் 2024 மே மாதத்தில் வைத்தேன். டிசம்பரில் மட்டைகளை எடுத்தோம். பழைய கண்ணாடியின் பின்னால் இருந்த துண்டில் அதே நேர்கோடு, அதே செங்கல் நிறம். புதிய கண்ணாடியின் பின்னால் இருந்ததில் கோடு எங்கே என்று துணியைச் சாய்த்துச் சாய்த்துத் தேட வேண்டியிருந்தது. மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள். ஆகவே சேலை இப்போது மீண்டும் வெள்ளைத் துணிக்குள், கதவு மூடிய அலுமாரியின் அடித்தட்டில், முன்பு இருந்ததுபோல இருட்டில் இருக்கிறது. மடிப்பின் இடத்தை மாதத்துக்கு ஒருமுறை மாற்றி வைக்கிறேன்.

இந்த வீடு இப்போது எனக்குப் பழகிவிட்டது. விடியற்காலையில் கண்ணாடியின் உட்புறம் வழிந்து யன்னற் கட்டையில் தேங்கிய நீரைத் துடைக்கும் வேலை இல்லை. அம்மாவின் கதிரை அதே இடத்தில், அதே வெயிலில் இருக்கிறது. திசைகளும் பிடிபட்டுவிட்டன என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் சமையலறையில் நின்று சூரியனைப் பார்க்கும்போது அது வலமிருந்து இடமாக நகர்வதைக் கண்டு, இன்றும் ஒரு கணம் மனம் தடுக்கி நிற்கிறது. பின்னேரம் மூன்று மணி ஆனதும் என் கைகள் ஏதோ ஒன்றைச் சாத்தத் தேடுகின்றன. அம்மாவும் அந்த நேரத்தில் எழுந்து மேற்கு யன்னலடிக்குப் போய், கொழுக்கி இருக்க வேண்டிய உயரத்தில் கண்ணாடியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சுடேல்லை" என்று சொல்லித் திரும்பி வருகிறார்.

சென்ற கார்த்திகை விளக்கீட்டன்று, இங்கே இருள்வதற்கு இரவு ஒன்பது மணி தாண்டிவிட்டது. காற்று பலமாக இருந்ததால் விளக்குகளை வெளியே வைக்க முடியாமல், யன்னற் கட்டைகளில் உள்ளேயே ஏற்றினோம். கண்ணாடி பொருத்தியவர் எரியும் தீக்குச்சியைப் பிடித்து எங்களுக்குக் காட்டிய சோதனை நினைவுக்கு வர, அம்மாவை வடக்கு யன்னலின் முன்னே அழைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு விளக்கு, கண்ணாடியின் நான்கு முகங்களிலும் பட்டு, ஒன்றன்பின் ஒன்றாக நான்கு சுடர்களாக நின்றது. படலம் இருக்கும் முகத்தின் சுடருக்கு மட்டும் நிறம் வேறு. "கிட்ட இருந்து ரெண்டாவது" என்றார் அம்மா. பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேற்கு யன்னலுக்குப் போய், அங்கேயும் குனிந்து, நிதானமாக எண்ணி, "இதிலை மூண்டாவது, பிள்ளை" என்றார்.