ஆற்காட்டில் உம்மாவின் நேர்ச்சை

தங்கச்சி மகன் நிமோனியாவில் கிடந்தபோது உம்மா நேர்ந்துகொண்டது: பிள்ளை பிழைத்தால் ஆற்காட்டில் அடங்கியிருக்கும் இறைநேசர் திப்பு மஸ்தான் அவுலியாவின் தர்காவுக்குப் போர்வை. அவன் இப்போது வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ். எங்கள் ஊர் கீழக்கரையிலிருந்து வேலூர் வந்து சேர்வதற்குள் உம்மாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது.

முதலில் வேலூர்க் கோட்டை. உள்ளே நவாப் காலத்துப் பள்ளிவாசல் இருக்கிறது. ஆனால் தொல்லியல் துறை வசம், தொழுகை கிடையாது. பாங்கு கேட்காத பள்ளி. வெளியில் நின்றே துஆ செய்தோம்.

"ஏன் வாப்பா, இது நம்ம ஊர்ப் பள்ளி மாதிரி இல்லையே?" என்று உம்மா என்னைக் கேட்டார்.

எப்படி இருக்கும்? எங்கள் ஜும்ஆப் பள்ளி 17ஆம் நூற்றாண்டு, சீதக்காதி வள்ளல் காலத்தது. கோயில் மண்டபம் போலவே வரிசையாகக் கல் தூண்கள், தட்டைக் கல் கூரை. தூண்களில் பூவும் கொடியும் உண்டு, உருவம் மட்டும் இல்லை. இந்தப் பக்கம் ஆண்டவர்கள் ஆற்காடு நவாப்கள். அவர்களோடு தக்காணத்துப் பாணி வந்தது: சுண்ணாம்புச் சாந்து பூசிய வளைவுகள், ஒல்லி மினாராக்கள், குமிழ்க் குவிமாடம். பிறகு 1795இல் திருவல்லிக்கேணியில் வாலாஜா பள்ளி எழுந்தபோது மினாராவும் வளைவும் நவாப் பாணி, கல் மட்டும் நம்மூர்க் கருங்கல். எனக்கு அந்தக் கலப்புதான் பிடிக்கும்.

ஆற்காட்டில் வியாழக்கிழமை மாலைக் கூட்டம். ஆட்டோக்காரர் இரட்டிப்பாகக் கேட்டார். போர்வைக் கடையில் பேரம் பேசி முடிப்பதற்குள், பாத்திஹா ஓதித் தருகிறேன் என்று ஒருவர் கையைப் பிடித்து இழுத்தார், ஐந்நூறு ரூபாயாம்! ஓத எங்களுக்கே தெரியும் என்று சொல்லிவிட்டு நடந்தோம்.

செஞ்சியிலிருந்து தலைநகரை ஆற்காட்டுக்கு மாற்றிய நவாப் சாதத்துல்லா கான் 1729இல் கட்டிய தர்கா என்பார்கள். ஹைதர் அலியும் அவர் மனைவி பக்ருன்னிசாவும் பிள்ளை கேட்டு வந்த இடமாம். பிறந்த பிள்ளைக்கு அவுலியாவின் பெயரையே வைத்தார்கள், திப்பு என்று.

உம்மா அதையெல்லாம் கேட்கும் நிலையில் இல்லை. போர்வையை என்னிடம் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தார். குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை ஓத ஆரம்பித்தவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மறுபடி ஆரம்பித்தார், மறுபடி நின்றது. ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட அழாதவர் அங்கே குலுங்கிக் குலுங்கி அழுதார். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள், நெருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். யா அல்லாஹ், அந்தச் சின்ன நெஞ்சுக்கு மூச்சைத் திருப்பிக் கொடுத்தாயே! எனக்கும் வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

வெளியே வந்ததும் உம்மாவுக்குப் பசி. ஆற்காட்டு இனிப்பான மக்கன் பேடா வாங்கினோம். பாதியைத் தானே சாப்பிட்டுவிட்டு, பேரனுக்கு இன்னொரு பெட்டி கட்டச் சொன்னார்.