பரணை விட்டு இறங்காத வேக்குவம் கிளீனர்

எங்கள் வீட்டில் பன்னிரண்டு வருடமாக ஒரு வேக்குவம் கிளீனர் இருக்கிறது. இருக்கிறது என்பதுதான் சரியான சொல், ஓடுகிறது என்று சொல்ல முடியாது. பரண் மேல், வாங்கி வந்த அட்டைப் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. இறக்க ஸ்டூல் போட வேண்டும். ஸ்டூலைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். இறக்கியதும் பெட்டி மேல் படிந்திருக்கும் தூசியைத் துடைக்க வேண்டும். அப்புறம் குழாயை மாட்டி, வயரை இழுத்து, பிளக் எங்கே எட்டும் என்று பார்த்து, கட்டிலைச் சுற்றிப் போகும்போது வயர் கட்டில் காலில் சிக்கி... அந்த நேரத்துக்குத் துடைப்பத்தை எடுத்திருந்தால் இரண்டு அறை முடிந்திருக்கும்.

துடைப்பத்தோடு எனக்குச் சண்டை இல்லை. என் கணவருக்குத்தான் அது ஆகாது. பக்கத்து அறையில் பெருக்கினாலே தும்ம ஆரம்பித்துவிடுவார். ஒரு நாள் எண்ணினேன், பதினோரு தும்மல். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள், எண்ணாமல் இருக்க வராது. பெருக்கும்போது பெரிய குப்பைதான் முறத்துக்கு வருகிறது. நுண்ணிய தூசி எழும்பி, அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மறுபடி அதே இடத்தில் உட்காருகிறது. சரி, வயர் இல்லாத ஒன்றை வாங்கிவிடுவோம் என்று முடிவு செய்தோம்.

எல்லாத் தேர்வுக்கும் ஓர் அட்டவணை போடுவது என் வழக்கம். ஐந்து மாடல், ஒன்பது கட்டம். முதல் கட்டத்தில் பாஸ்கல், அதாவது இழுவிசையைச் சொல்லும் அலகு. ஒன்று 20,000 என்றது, இன்னொன்று 25,000, மூன்றாவது 30,000. எண் பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று மூன்றாவதுக்குப் பச்சை நிறம் அடித்துவிட்டேன். கொஞ்சம் தோண்டிப் பார்த்த பிறகுதான் அந்தப் பாஸ்கலை எப்படி அளக்கிறார்கள் என்று தெரிந்தது. கிளீனரின் வாயை முழுக்க அடைத்துவிட்டு அளக்கிறார்கள். உள்ளே காற்றே போகாத நிலையில் எவ்வளவு இழுக்கிறது என்பதுதான் அந்த எண்.

பழைய கிளீனரின் குழாய் முனையில் உள்ளங்கையை வைத்து அடைத்திருக்கிறீர்களா? சத்தம் கீச்சென்று மேலே போகும். மோட்டார் திணறுகிறது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அப்போது அதற்கு வேலை குறைகிறது. தள்ளுவதற்குக் காற்று இல்லாததால் சும்மா வேகமாகச் சுற்றுகிறது. தூசியைத் தூக்கிக்கொண்டு போவது ஓடுகிற காற்று. இழுவிசை உச்சத்தில் இருக்கும்போது காற்றோட்டம் பூஜ்யம், காற்று தாராளமாக ஓடும்போது இழுவிசை சொற்பம். இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் ஏர்வாட். அதை அட்டையில் போடுகிறவர்கள் குறைவு. என் ஐந்தில் இரண்டு பேர்தான் போட்டிருந்தார்கள்.

அடுத்த கட்டம், ஓடும் நேரம். "60 நிமிடம்" என்று பெரிய எழுத்தில் இருந்தது, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. நட்சத்திரக் குறி எங்கே இருந்தாலும் அடியில் போய்ப் படிப்பது என் தொழில் புத்தி. மிகக் குறைந்த வேகத்தில், பிரஷ் சுற்றாத சின்ன முனையை மாட்டினால் 60 நிமிடம் என்று அங்கே பொடி எழுத்தில் இருந்தது. அதற்கு நட்சத்திரம்கூடத் தேவையில்லை, ஒரு கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். பேட்டரி 25.2 வோல்ட், 2.5 ஆம்பியர்-மணி. பெருக்கினால் 63 வாட்-மணி. அதாவது 63 வாட் மட்டும் இழுத்தால் ஒரு மணி நேரம் ஓடும். மோட்டாரோ 400 வாட். முழு வேகத்தில் வைத்தால் ஒன்பது நிமிடம் சொச்சம், அவ்வளவுதான்.

எடைக் கட்டத்திலும் இதே கதை. "1.5 கிலோ மட்டுமே!" என்பது கைப்பிடிப் பகுதிக்கு. குழாய், தரை பிரஷ் எல்லாம் சேர்ந்தால் 2.6. ஆக, இழுவிசையை வாயை அடைத்து அளக்கிறார்கள், நேரத்தைப் பிரஷ் இல்லாமல் அளக்கிறார்கள், எடையைக் குழாய் இல்லாமல் சொல்கிறார்கள். அட்டையில் இருந்த எண்கள் எல்லாமே அந்தக் கருவி வீடு பெருக்காத நேரத்தில் எடுத்தவை! அட்டவணையின் மூன்று கட்டங்களை அன்று இரவே அழித்தேன்.

மிச்சமிருந்தவற்றில் முடிவைத் தீர்மானித்தது என் அட்டவணையில் இல்லாத ஒரு விஷயம். அம்மாவின் விரல். கடைக்கு அம்மாவையும் கூட்டிப் போயிருந்தேன். எழுபதைத் தாண்டியவர், விரல் மூட்டுகளில் வலி. முதலில் எடுத்துப் பார்த்ததில் துப்பாக்கி விசை போல ஒன்று, அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் ஓடும். தேவையில்லாத நேரத்தில் பேட்டரி வீணாகாமல் இருக்க அது நல்ல ஏற்பாடு என்கிறார்கள். அம்மா அரை நிமிடம் அழுத்திப் பார்த்துவிட்டு, "ஏண்டி, வீடு முழுக்க இதை இப்படியே புடிச்சிக்கிட்டு இருக்கணுமா?" என்று கேட்டார். 30,000 பாஸ்கல் அதோடு போனது. ஒரு முறை தட்டினால் ஓடி, மறுமுறை தட்டினால் நிற்பதாக ஒன்றை எடுத்தோம்.

இன்னொரு சின்னத் தேர்வும் இருந்தது. சிலவற்றில் மோட்டார், பேட்டரி, தூசி டப்பா எல்லாம் கைப்பிடி அருகே இருக்கும். சிலவற்றில் எல்லாம் கீழே, பிரஷுக்கு மேலேயே. கீழே இருப்பது கைக்கு லேசு, ஆனால் கட்டிலுக்கு அடியில் படுக்காது, ஒட்டடை எடுக்க மேலே தூக்கவும் முடியாது. மேலே இருப்பது கட்டிலுக்கு அடியில் தட்டையாக நுழையும், ஆனால் எடை முழுக்க மணிக்கட்டில். எங்கள் வீட்டுத் தூசியின் தலைமையகம் கட்டிலுக்கு அடியில்தான் என்பதால் மேலே இருப்பதையே எடுத்தோம். பேட்டரி கழற்றி மாற்றும்படி இருக்கிறதா என்று மட்டும் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். லித்தியம் பேட்டரி சில நூறு சார்ஜுக்குப் பிறகு தேயத்தான் செய்யும். அது உள்ளேயே ஒட்டிக் கிடந்தால், பேட்டரியோடு நல்ல மோட்டாரையும் தூக்கிப் போட வேண்டிவரும்.

வீட்டுக்கு வந்ததும் சும்மா ஓட்டிப் பார்த்துவிட்டு "நல்லா இழுக்குது" என்று சொல்லும் ரகம் இல்லை நான். சமையலறைத் தராசை எடுத்து வந்தேன். 50 கிராம் உப்பை நிறுத்து, கூடத்தில் கிடக்கும் கார்பெட்டில் தூவி, காலால் தேய்த்து உள்ளே இறக்கினேன். நடுத்தர வேகத்தில் நான்கு முறை முன்னும் பின்னும் ஓட்டினேன். தூசி டப்பாவைக் கழற்றி நிறுத்தேன். காலி டப்பாவின் எடை போக 61 கிராம்.

தராசு கெட்டுவிட்டதோ என்று இன்னொரு முறை நிறுத்தேன். 61 தான். டப்பாவைத் திறந்து பார்த்ததும் புரிந்தது. உப்போடு சேர்ந்து, சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஒரு வஸ்து. நாங்கள் வாரா வாரம் உதறி, வெயிலில் போட்டு, சுத்தம் என்று நம்பிக்கொண்டிருந்த கார்பெட்டில் இருந்து வந்தது. கணவர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய் ஜன்னலைத் திறந்தார்.

கார்பெட்டை மூன்று முறை முழுக்க எடுத்த பிறகுதான் சோதனையை ஒழுங்காகச் செய்ய முடிந்தது. குறைந்த வேகத்தில் 33 கிராம் வந்தது, நடுத்தரத்தில் 43, முழு வேகத்தில் 46. நடுத்தரத்துக்கும் முழு வேகத்துக்கும் மூன்று கிராம்தான் வித்தியாசம். அந்த மூன்று கிராமுக்காகப் பேட்டரியை ஒன்பது நிமிடத்தில் தீர்க்க வேண்டுமா? டைல்ஸ் தரையில் குறைந்த வேகமே போதும், துளி மிச்சமில்லாமல் எடுத்தது. ஓரங்களைத் தவிர. சுவரை ஒட்டிக் கட்டை விரல் அகலத்துக்கு ஒரு கோடு அப்படியே நிற்கிறது, அதற்குச் சந்து முனையை மாட்டித்தான் எடுக்க வேண்டும். பிரஷோடு குறைந்த வேகத்தில் ஓட்டினால் 37 நிமிடம் தாங்குகிறது. எங்கள் வீட்டை முடிக்க 22 நிமிடம். ஆக, அட்டையில் 60 என்று போட்டிருந்தால் என்ன, 37 என்று போட்டிருந்தால் என்ன, எனக்கு வேண்டியது 22 தான் என்பதை வாங்குவதற்கு முன்பே வீட்டில் கடிகாரம் வைத்து அளந்திருக்கலாம். தோன்றவில்லை.

பிரஷின் முன்பக்கம் தரையோடு ஒட்டி ஒரு விளக்கு வருகிறது. விளையாட்டுச் சாமான் என்று நினைத்தேன். தரைக்கு இணையாக வெளிச்சம் போவதால் ஒவ்வொரு துகளுக்கும் நிழல் விழுகிறது, சுத்தமான தரை என்று எதுவுமே இல்லை என்று தெரிகிறது. இரவில் அதைப் போட்டுப் பார்க்காதீர்கள், தூக்கம் போய்விடும்.

குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை முடி. எனக்கும் மகளுக்கும் நீளமான முடி. "சிக்காத பிரஷ்" என்று அட்டையில் இருந்தது. பத்தாம் நாள் ரோலரைக் கழற்றிப் பார்த்தால் நூல்கண்டு மாதிரி சுற்றியிருந்தது. கத்தரிக்கோலால் நீள வாக்கில் வெட்டி உரித்து எடுக்க வேண்டியிருந்தது. இரு முனைகளிலும் இருக்கும் மூடிக்குள் போய்ச் சுற்றிக்கொள்வதுதான் மோசம், அதைக் கவனிக்காமல் விட்டால் ரோலரே நின்றுவிடும்.

இரண்டாவது குறைதான் எனக்குச் சிரிப்பும் எரிச்சலுமாக வந்தது. வெளியேறும் காற்றுக்கு ஹெப்பா ஃபில்டர். 0.3 மைக்ரான் அளவுள்ள துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அதற்கான தரம். எல்லாம் சரி, அவ்வளவு கவனமாகப் பிடித்த தூசியை டப்பாவின் அடியைத் திறந்து கொட்டும்போது மொத்தமாக முகத்துக்கு நேரே பொசுக்கென்று விடுகிறது. கணவருக்கு அன்று பதினான்கு தும்மல், துடைப்பத்தைவிட மூன்று கூடுதல். இப்போது டப்பாவை ஒரு பெரிய காகிதப் பைக்குள் முழுசாக இறக்கி, பையின் வாயைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு திறந்து, ஒரு நிமிடம் அப்படியே வைத்திருந்துவிட்டு எடுக்கிறேன். அதுவும் வாசலுக்கு வெளியே போய். கணவருக்கு அந்த வேலையிலிருந்து நிரந்தர விடுமுறை, அவர் அதை அனுபவிக்கிறார் என்றே நினைக்கிறேன்.

தும்மல் என்றதும் ஒன்று. 1901-இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர் செய்த வேக்குவம் கிளீனர், குதிரை வண்டியில் வைத்து இழுத்து வரும் அளவுக்குப் பெரியது. தெருவில் நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாக நீளக் குழாயை வீட்டுக்குள் விடுவார்களாம். அதைக் கைக்கு அடக்கமாக ஆக்கியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு கடையில் துப்புரவு வேலை பார்த்த ஜேம்ஸ் மரே ஸ்பேங்ளர். ஆஸ்துமாக்காரர். பெருக்கும்போது எழும் தூசி தாங்காமல், ஒரு மின்விசிறி மோட்டார், துடைப்பக் கட்டை, தலையணை உறை இவற்றைச் சேர்த்து ஒன்றைக் கட்டினார். 1908-இல் காப்புரிமை கிடைத்தது. தலையணை உறையை அவர் எங்கே, எப்படி உதறினார் என்பதுதான் இப்போது என் கவலையெல்லாம்.

நல்லதாக ஒன்று. டப்பா ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். மூன்றாவது வாரம் உள்ளே ஏதோ டிக் டிக்கென்று சுற்றும் சத்தம் கேட்டு நிறுத்திப் பார்த்தேன். போன வருடம் தொலைந்த கம்மல் திருகாணி. கம்மலைத்தான் இப்போது காணவில்லை, திருகாணி இல்லையே என்று எங்கோ பத்திரமாக எடுத்து வைத்தேன்.

மாட்டி வைத்த இடம்தான் எதிர்பாராத வெற்றி. சுவரில் சார்ஜ் ஆகும் கொக்கியை அறை மூலையில் அடிக்கலாம் என்றார் கணவர், பார்க்க அழகாக இருக்காது என்று. அம்மா கூடாது என்றார். சமையலறையிலிருந்து கூடத்துக்குப் போகும் வழியில், அவர் கை எட்டும் உயரத்தில் மாட்டச் சொன்னார். இப்போது போகிற போக்கில் எடுத்து, கீழே சிந்தியதை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மாட்டிவிடுகிறார். ஒரு நாளில் ஆறேழு முறை. நான் முழு வீட்டுக்கு 22 நிமிடம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, அவர் அதை அரை நிமிடம் அரை நிமிடமாகச் செலவழிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நான் எடுத்து ஓட்டும்போது டப்பாவில் பெரிதாக ஒன்றும் விழுவதில்லை.

போன வாரம் இழுவை குறைந்தது போலிருந்தது. ஃபில்டரைக் கழுவினேன். 24 மணி நேரம் காய வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. தொட்டுப் பார்த்தேன், காய்ந்த மாதிரிதான் இருந்தது, ஆறு மணி நேரத்தில் மாட்டிவிட்டேன். மோட்டார் விட்டு விட்டு இருமியது, வீடு முழுக்க ஈரத் துணி நாற்றம். மறுபடி கழற்றி, மறுபடி கழுவி, ஜன்னல் ஓரத்தில் வைத்திருக்கிறேன். நாளைக் காலை வரை துடைப்பம்தான். கணவரிடம் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.