துண்டு விழுந்த பட்ஜெட்டோடு நான்கு மாதங்கள்

வரும் ஆண்டுக்கான முதல் மதிப்பீட்டைக் கூட்டி முடித்தபோது இரவு மணி எட்டைத் தாண்டியிருந்தது. வரவை நூறு என்று வைத்துக்கொண்டால் செலவு நூற்று ஒன்பதில் வந்து நின்றது. கூட்டலில் பிழை இருக்கும் என்று மறுபடியும் கூட்டினேன். மூன்றாவது முறை துறை துறையாகப் பிரித்துக் கூட்டினேன். அந்த ஒன்பது அசையவில்லை.

ஒரு நகர நிர்வாகத்தின் நிதிப் பிரிவில் பதினேழு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். பட்ஜெட்டில் துண்டு விழுவது எங்களுக்குப் புதிதல்ல. வழக்கமாக ஒன்று, இரண்டு என்று விழும். இங்கே கொஞ்சம் இழுத்து அங்கே கொஞ்சம் தளர்த்திச் சரிக்கட்டிவிடுவோம். ஒன்பதை அப்படிச் சரிக்கட்ட முடியாது. ஒரு நாட்டின் அரசு பற்றாக்குறையோடு பட்ஜெட் போடலாம். அதற்குப் பின்னால் மத்திய வங்கி இருக்கிறது. நகரத்தால் நாணயம் அச்சடிக்க முடியாது. என்ன வரி போடலாம், எவ்வளவு வரை போடலாம் என்பதைக்கூடப் பெரும்பாலும் மேலே இருக்கும் அரசின் சட்டமே தீர்மானிக்கிறது. எங்களைக் கட்டுப்படுத்தும் விதி ஒரே வாக்கியம்தான்: நகர மன்றத்தின் முன் வைக்கும் திட்டத்தில் அன்றாடச் செலவு அன்றாட வரவைத் தாண்டக் கூடாது. அந்த ஒன்பதை அடைத்த நான்கு மாதங்களைப் பற்றி எழுதுகிறேன். இதே வேலையில் இருப்பவர்களுக்கும், தங்கள் நகரத்தின் பட்ஜெட்டை எங்கே புரட்டிப் பார்ப்பது என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்கும் இது பயன்பட வேண்டும் என்பதே என் ஆசை.

முதல் வேலையாக ஐந்து ஆண்டுக் கணக்குகளையும் வரிசையாக விரித்து வைத்துப் பார்த்தேன். யாரோ கையாடிவிட்டார்கள் என்றால் விளக்குவது எளிது. அப்படி எதுவும் இல்லை. சம்பளம் ஒப்பந்தப்படி ஏறியிருந்தது; அது நியாயமானதும்கூட. ஓய்வூதியம் பெறுவோரின் எண்ணிக்கை பணியில் இருப்பவர்களின் எண்ணிக்கையை நெருங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் இறைக்கவும் தெருவிளக்கு எரிக்கவும் ஆகும் மின்கட்டணம் கூடியிருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் வந்த ஒரு மானியம் நின்றுவிட்டது. அதை நம்பி வேலைக்கு எடுத்தவர்கள் எங்களிடமே இருந்தார்கள். வரவுப் பக்கம் போனால், சொத்து வரிக்கான மதிப்பீடு பதினொரு ஆண்டுகளாகத் திருத்தப்படவே இல்லை. தெருவெல்லாம் மாடிக்கு மேல் மாடி எழும்பியிருந்தது. எங்கள் பதிவேட்டில் அவை இன்னும் ஓட்டு வீடுகள்.

உண்மையில் துண்டு ஒவ்வோர் ஆண்டும் விழுந்திருக்கிறது. நாங்கள்தான் அதை மறைத்திருக்கிறோம். ஓர் ஆண்டு நிலம் விற்ற பணம் வந்து மூடியது. ஓர் ஆண்டு சேமிப்பில் கை வைத்தோம். ஓர் ஆண்டு ஒப்பந்ததாரர்களின் பில்களை நிதியாண்டின் கடைசி வாரத்தில் எடுக்காமல், அடுத்த நிதியாண்டின் முதல் வாரத்துக்குத் தள்ளினோம். அந்தத் தாள்களில் என் கையெழுத்தும் இருக்கிறது. இந்த முறை அப்படிச் செய்வதில்லை என்று அந்த மேசையில் உட்கார்ந்துதான் முடிவு செய்தேன்.

முதல் சோதனை துறைத் தலைவர்கள் கூட்டத்திலேயே வந்தது. அனுபவம் மிக்க அதிகாரி ஒருவர் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வரி வசூலை 84 சதவீதம் என்று போட்டிருக்கிறீர்கள். 93 என்று மாற்றினால் பாதிப் பள்ளம் மூடிவிடுமே?"

அவர் சொன்னது கணக்குப்படி சரி. எங்கள் வரவில் பாதி சொத்து வரியும் கட்டணங்களும்தான். ஒரே ஓர் எண்ணைத் திருத்தினால் போதும். ஒருவரையும் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் முந்தைய மூன்று ஆண்டுகளில், வர வேண்டியதில் கைக்கு வந்தது 83, 84, 82 சதவீதம்தான். வராத பணத்தை வரும் என்று எழுதி, அதை நம்பிச் செலவுக்கு ஒப்புதல் கொடுத்தால் ஆண்டின் எட்டாவது மாதத்தில் கஜானா காலியாகும். அன்றைக்கு வெட்டுவதற்கு மிச்சம் இருப்பது சம்பளமும் குடிநீரும்தான்.

அன்று இரவு நியூயார்க்கின் 1975ஆம் ஆண்டு நெருக்கடியைப் பற்றி மறுபடியும் படித்தேன். நகர நிதியில் வேலை செய்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய கதை அது. அந்த நகரத்தின் பட்ஜெட்டும் தாளில் ஆண்டுதோறும் சமமாகத்தான் இருந்தது. வரவை மிகையாக மதிப்பிட்டார்கள். வரப்போகும் வரியையும் மானியத்தையும் காட்டிக் குறுகிய காலக் கடன் வாங்கினார்கள். கட்டுமானத்துக்கான மூலதனப் பணத்தில் அன்றாடச் செலவைச் சேர்த்தார்கள். 1975இல் வங்கிகள் அதன் கடன் பத்திரங்களை எடுக்கத் தயங்கியதும் எல்லாம் வெளியே வந்தது. செப்டம்பரில் நகரத்தின் நிதி அதிகாரம் மாநில அரசு அமைத்த அவசரக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கைக்குப் போனது. அக்டோபர் 17 அன்று ஆசிரியர் சங்கத்தின் ஓய்வூதிய நிதி கடைசி நேரத்தில் பத்திரம் வாங்கச் சம்மதித்ததால்தான் கடன் தவணை தவறவில்லை. மறு ஆண்டு, அதுவரை இலவசமாக இருந்த நகரப் பல்கலைக்கழகப் படிப்புக்குக் கட்டணம் வந்தது. பெரியவர்கள் தாளில் மறைத்ததைப் பிள்ளைகள் கட்டினார்கள். எனக்கு இன்றும் அந்த இடத்தில் மனம் பொறுப்பதில்லை.

மறுநாள் வசூலை 83 என்று எழுதினேன். ஆணையர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கையெழுத்திட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அலுவலகத்தில் உட்காரவில்லை. ஒவ்வொரு துறையின் களத்துக்கும் போனேன். துறைகள் அனுப்பும் செலவுப் பட்டியலில் ஒரு பழக்கம் உண்டு. எதைக் குறைத்தால் மக்கள் கொதிப்பார்களோ அதை முதலில் "குறைக்கலாம்" என்று எழுதுவார்கள். எதைக் குறைத்தால் பத்து ஆண்டு யாருக்கும் தெரியாதோ அதைச் சத்தமில்லாமல் குறைத்துவிடுவார்கள். பராமரிப்பு இரண்டாவது வகை.

நீரேற்று நிலையத்தில் பம்புகள் மூன்று. அங்கே இருபது ஆண்டுகளாக பம்பு இயக்கும் ஊழியர் என்னை இரண்டாவது பம்பின் அருகே அழைத்துப் போனார். "கையை வைத்துப் பாருங்கள் ஐயா" என்றார். மோட்டாரின் மேல் உறையில் உள்ளங்கையை வைத்தேன். சூடு அதிகம், அதைவிட அதிகம் அதிர்வு. தோள்வரை ஏறியது. அடியில் எண்ணெய் கசிந்து, அதன் மேல் தூசி படிந்து, கருப்பாக ஒரு தட்டுப் போல உறைந்திருந்தது. சுவரில் ஆணியில் ஒரு பதிவேடு தொங்கியது. பேரிங் மாற்ற வேண்டும் என்று நான்கு ஆண்டுகளாக அவர் எழுதி வந்திருக்கிறார். ஒவ்வொரு பதிவுக்கும் கீழே ஒரே பதில்: நிதி ஒதுக்கீடு இல்லை. அந்தப் பதில் என் பிரிவிலிருந்து போனது.

"இது நின்றால்?" என்று கேட்டேன்.

"மேட்டுப் பகுதிக்குத் தண்ணீர் ஏறாது. பேரிங்கை அன்றே மாற்றியிருந்தால் ஒரு நாள் வேலை. இப்போது தண்டும் தேய்ந்துவிட்டது, பம்பையே மாற்ற வேண்டும்."

பட்ஜெட் புத்தகத்தில் நான்கு ஆண்டுகளாக "சேமிப்பு" என்று நாங்கள் காட்டிய தொகை அங்கே என் கைக்குக் கீழே அதிர்ந்துகொண்டிருந்தது. வாங்கிய கடனுக்காவது ஒரு பதிவேடு இருக்கிறது, வட்டி தெரியும், தவணை நாள் தெரியும். செய்யாமல் விட்ட பராமரிப்பும் கடன்தான். எந்தப் பத்தியிலும் அது ஏறுவதில்லை. டெட்ராய்ட் நகரம் 2013 ஜூலை 18 அன்று திவால் மனு கொடுத்தபோது அதன் தெருவிளக்குகளில் ஏறத்தாழ 40 சதவீதம் எரியவில்லை. 1950இல் 18 லட்சத்துக்கும் மேல் இருந்த மக்கள்தொகை 7 லட்சம் அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஆட்கள் குறைந்தாலும் குழாயின் நீளமும் சாலையின் நீளமும் குறைவதில்லை என்பதை அந்த நகரம் படாத பாடு பட்டுக் காட்டிவிட்டது.

பராமரிப்புக்கு வேண்டியதை உள்ளபடி எழுதியதும் ஒன்பது பத்தானது. பற்றாக்குறையைக் குறைக்கச் சொன்னால் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்களே என்று நிதிக்குழுவில் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் அந்த எண்ணைத் திரும்ப எடுக்கவில்லை.

இரண்டாவது மாதக் கடைசியில் ஒரு யோசனை எல்லோருக்கும் பிடித்துப்போனது. வாகன நிறுத்தக் கட்டண வசூலை நீண்ட காலக் குத்தகைக்கு விட்டு, முழுத் தொகையையும் முன்பணமாக வாங்கிவிடுவது. இரண்டு ஆண்டுப் பள்ளம் ஒரே நாளில் மூடிவிடும். மன்ற உறுப்பினர்களில் பலர் வரி உயர்வைச் சொல்லி மக்களைச் சந்திக்கப் பயந்துகொண்டிருந்தவர்கள். அவர்களுக்கு இது வரப்பிரசாதமாகத் தெரிந்தது.

சிகாகோ நகரம் 2008 டிசம்பரில் இதையேதான் செய்தது. சுமார் 36,000 வாகன நிறுத்தக் கட்டணக் கருவிகளை 75 ஆண்டுகளுக்கு, ஏறத்தாழ 115 கோடி டாலருக்குத் தனியாரிடம் கொடுத்தது. திட்டம் அறிவிக்கப்பட்ட சில நாட்களில் நகர மன்றம் ஒப்புதல் கொடுத்துவிட்டது. அதன் உண்மையான மதிப்பைவிடக் குறைந்தது 97 கோடி டாலர் குறைவாக நகரத்துக்குக் கிடைத்தது என்று மறு ஆண்டே அந்த நகரத்தின் தலைமை ஆய்வாளர் அறிக்கை கொடுத்தார். கிடைத்த பணத்தின் பெரும்பகுதி சில ஆண்டுகளிலேயே பட்ஜெட் பள்ளங்களை மூடக் கரைந்தது. குத்தகை 2080களில்தான் முடிகிறது.

இதை ஒரு பக்கக் குறிப்பாக எழுதி நிதிக்குழு உறுப்பினர் ஒவ்வொருவரின் கையிலும் கொடுத்தேன். கூடவே ஒரு கேள்வி: "சம்பளம் மாதா மாதம் வரும் செலவு. ஒரு முறை மட்டும் வரும் பணத்தில் அதைக் கொடுத்தால், மூன்றாம் ஆண்டு எதை விற்பது?" விவாதம் நான்கு மணி நேரம் நடந்தது. யோசனை ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் விழுந்தது.

பிறகு நடந்தது முழுக்க உழைப்பு. அதில் சொல்லிப் பெருமைப்பட எதுவும் இல்லை. மாதவாரியாக ரொக்க வரத்துத் தாள் ஒன்று தயாரித்தோம். வரி இரண்டு பருவங்களில் வந்து குவிகிறது, செலவு பன்னிரண்டு மாதமும் ஓடுகிறது. ஆண்டுக் கணக்கு சமமாக இருந்தாலும் ஐந்தாம் மாதம் சம்பளத்துக்குத் திண்டாடலாம் என்பது அந்தத் தாளில் பளிச்சென்று தெரிந்தது. சொத்து வரி மதிப்பீட்டைத் திருத்தி மூன்று கட்டமாக ஏற்றுவதில் அந்தப் பத்தில் நான்கு பங்கு அடைந்தது. ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்த பணியிடங்களை நீக்கியதில் இரண்டு. குடிநீர்க் கட்டணத்தில், குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளைத் தொடாமல் மற்றவர்களுக்கு ஏற்றியதில் இரண்டு. இரண்டு புதிய கட்டடங்களைத் தள்ளிவைத்ததால் அவற்றுக்கான கடன் தவணை தொடங்கவில்லை, அதில் ஒன்று. விளக்குகளை எல்இடிக்கு மாற்றி, பம்பு ஓடும் நேரத்தையும் திருத்தியதில் ஒன்று.

நிலுவை வசூலை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. பெரிய பாக்கிதாரர்களின் பட்டியலை எடுத்தபோது முதல் இருபதில் ஏழு, அரசுக்குச் சொந்தமான கட்டடங்கள். துரத்தித் துரத்திக் கொஞ்சம் வசூலித்தோம். ஆனால் பழைய பாக்கி ஒரு முறை வரும் பணம். அதைப் பம்பு மாற்றவும் ஒப்பந்ததாரர்களின் பழைய பில்களைத் தீர்க்கவும் மட்டும் ஒதுக்கினோம். இந்த ஒரு கட்டுப்பாட்டை எழுத்தில் வாங்குவதற்கு நான் பட்ட பாடு வரி உயர்வுக்குப் பட்டதைவிடக் கூடுதல்.

மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தை மறக்க முடியாது. வரி உயர்வைப் பற்றித்தான் கூச்சல் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனோம். மூன்றாவதாக எழுந்தவர் பள்ளி முடித்த மகளோடு வந்திருந்த ஒரு தாய். கிளை நூலகங்களை மாலை ஐந்து மணிக்கே மூடும் யோசனை பட்ஜெட் வரைவின் 61ஆம் பக்கத்தில் இருந்தது. அவர் அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருந்தார்.

"என் பெண் அங்கே உட்கார்ந்துதான் தேர்வுக்குப் படிக்கிறாள். வீட்டில் இடம் இல்லை. ஐந்து மணிக்கு மூடினால் உங்களுக்கு எவ்வளவு மிச்சமாகும்? அதை மட்டும் சொல்லுங்கள்."

மேயர் என்னைப் பார்த்தார். தாளைப் புரட்டிச் சொன்னேன். மொத்தப் பற்றாக்குறையில் முந்நூறில் ஒரு பங்கு. அரங்கம் அமைதியாகிவிட்டது. அந்தத் தாய் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். எல்லாத் துறையும் சம அளவில் குறைக்க வேண்டும் என்ற வசதியான விதியால் அந்த யோசனை உள்ளே வந்திருந்தது. எல்லோரிடமும் ஒரே அளவு வெட்டுவது நியாயம் போலத் தெரியும். தேவை எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை. அடுத்த நாள் காலை அந்த யோசனையை நீக்கினோம். அதே கூட்டத்தில் வரி உயர்வை எதிர்த்துப் பேச வந்த முதியவர் ஒருவர், நூலகத்தை மூட மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால் தன் பங்கைக் கட்டுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. 19 பேர் ஆதரவு, 16 பேர் எதிர்ப்பு. பட்ஜெட் புத்தகத்தின் கடைசியில் இரண்டு பக்க இணைப்பு ஒன்றைச் சேர்க்கச் சம்மதம் வாங்கியிருந்தேன். தலைப்பு: தள்ளிப்போட்டவை. இந்த ஆண்டு செய்ய வேண்டியிருந்தும் செய்யாமல் விட்ட 41 வேலைகள், அவற்றின் இன்றைய செலவு, எதற்காகத் தள்ளினோம் என்ற காரணம். இப்படிப் பகிரங்கமாக அச்சடிப்பது எதிர்த்தரப்புக்கு ஆயுதம் கொடுப்பதாகும் என்று சிலர் தடுத்தார்கள். கொடுக்கட்டும் என்று மேயரே சொன்னார். அந்த இரவில் அவர்மேல் எனக்கு மதிப்பு கூடியது.

முதல் காலாண்டு சென்ற வாரம் முடிந்தது. வசூல் மதிப்பீட்டை ஒட்டியே வந்திருக்கிறது. நீரேற்று நிலையத்தில் இரண்டாவது பம்பைக் கழற்றிவிட்டார்கள்; புதியதற்கு அடித்தளம் போடுகிறார்கள். ஒப்பந்ததாரர்களின் பில்கள் மட்டும் இன்னும் இரண்டு மாதம் பின்தங்கியிருக்கின்றன. ரொக்கத் தாளில் அந்த இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். வரும் செவ்வாய்க்கிழமை நிதிக்குழுவில் முதலில் அதைத்தான் எடுக்கப் போகிறேன்.