தெருவில் புதுக் குழாய்

ஜூன் 3, செவ்வாய்

காலை ஏழு மணிக்கே தெருவில் ஜே.சி.பி. சத்தம். பழைய வார்ப்பிரும்புக் குழாயைத் தோண்டி எடுத்துவிட்டுக் கறுப்பு எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் குழாய் பதிக்கிறார்கள். இரண்டு நாள் தண்ணீர் வராதாம். அண்டா, தவலை, குடம் எல்லாம் நிரப்பியாயிற்று.

வெட்டிப் போட்டிருந்த துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். நான்கு அங்குலக் குழாய். உள்ளே துரு முடிச்சு முடிச்சாக ஏறி, என் மூன்று விரல்தான் நுழைந்தது. தெருவிலிருந்து எங்கள் வாசல்வரை வரும் இணைப்பும் பிளாஸ்டிக்காகிறது. வாசலுக்கு உள்ளே இருப்பது அப்பச்சி காலத்து ஜி.ஐ. பைப்தான், துத்தநாகம் பூசிய இரும்பு.

ஜூன் 5, வியாழன்

சாயங்காலம் தண்ணீர் திறந்தார்கள். முதலில் காற்று. குழாய் புஸ்ஸென்று சீறி, விட்டு விட்டுத் துப்பியது. அப்புறம் டீத்தண்ணீர் நிறத்தில் கொட்டியது. ஓட்டத்தின் வேகம் மாறியதும், வீட்டுக் குழாயில் இத்தனை வருஷம் ஒட்டியிருந்த துருவே பெயர்ந்து வருகிறது.

நல்லவேளையாகத் தொட்டி வால்வை முன்னாலேயே அடைத்திருந்தேன். தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் வாசல் குழாயை மட்டும் முழுசாகத் திறந்துவிட்டேன். தெளிய இருபது நிமிஷம் ஆனது. அதற்குப் பிறகுதான் தொட்டிக்கு விட்டேன். ஹீட்டரைப் போடவில்லை.

எதிர்வீட்டு ஆச்சிக்கு அவசரம், வாஷிங் மெஷினைப் போட்டுவிட்டார்கள். வெள்ளை வேட்டியெல்லாம் செங்கறை. கறை போகட்டும் என்று பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்தார்கள், கறை இன்னும் அழுத்தமாகிவிட்டது. இரும்புக் கறைக்குப் பிளீச்சிங் ஆகவே ஆகாது. எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் போடச் சொன்னேன். மெஷினுக்குத் தண்ணீர் ஏறும் இடத்திலிருந்த சல்லடையைக் கழற்றினால், காபிப் பொடி மாதிரித் துரு.

ஜூன் 7, சனி

பட்டாலைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். மத்தியானத்துக்குள் முறம் அளவுக்குப் பரவிவிட்டது. முன்பெல்லாம் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், இப்போது மோட்டார் போடாமலே மாடிக்கு ஏறுகிறது. பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏறினால் கீழே சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் இருக்கும். பிளம்பர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஓட்டை ரொம்ப நாளாவே இருந்திருக்குண்ணே. துருதான் அடைச்சுக்கிட்டு நின்னுச்சு."

சுவரை இடிக்க மனசு வரவில்லை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த பூச்சு, இன்னும் முகம் தெரிகிற மாதிரி பளபளக்கிறது. ஒரு தடவை கொத்தினால் அந்த வேலைக்கு ஆள் எங்கே தேடுவது? மாடிக்குப் போகும் பைப்பைக் கீழேயே அடைத்துவிட்டு, பின்கட்டு வழியாகச் சுவருக்கு வெளியே புது லைன் ஏற்றினோம்.

ஜூன் 10, செவ்வாய்

ஆத்தா ஈரக் கையோடு கொல்லைக் குழாயைத் தொட்டு, "சுள்ளுன்னு இழுக்குதுப்பா" என்றது. டெஸ்டரை வைத்தேன். எரிந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. மெயினை உடனே அணைத்தேன்.

எலக்ட்ரீஷியன் தம்பி மெயின் போர்டிலிருந்து எர்த்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனார். அது முற்றத்து ஓரத்தில், தண்ணீர்க் குழாயில் கிளாம்ப் போட்டு முடிந்திருந்தது. அந்தக் காலத்தில் பலர் அப்படித்தான் கட்டினார்கள். தெருவரை இரும்பாக இருந்ததால் கசிந்த மின்சாரம் அதன் வழியே மண்ணுக்குள் இறங்கிவிட்டது. பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது. வழி அறுந்ததும் ஃபிரிட்ஜில் கசிந்தது குழாயிலேயே நின்றுவிட்டது. குழாய் மாற்ற வந்த யாரும் இதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்றைக்கே புது எர்த்துக்காகக் கொல்லையில் குழி வெட்டி, இரண்டரை மீட்டர் ஜி.ஐ. குழாய் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு நிரப்பினோம். மின்சாரம் கசிந்தால் தானே அணைத்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போர்டில் மாட்டியாயிற்று.

ஜூன் 14, சனி

எலக்ட்ரீஷியன் தம்பியை அழைத்துக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போனேன். பதினொரு வீடு பார்த்தோம். நான்கு வீட்டில் எர்த்துக் கம்பி தண்ணீர்க் குழாயில்தான் கட்டியிருக்கிறது. இரண்டு வீடு பூட்டு, ஆட்கள் சென்னையில். போன் பண்ணி, பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து மெயினை அணைக்கச் சொல்லியிருக்கிறேன். எதிர்வீட்டு ஆச்சி வீட்டில் திங்கட்கிழமை குழி வெட்டுகிறோம். அதுவரை ஹீட்டரையும் மெஷினையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.